யோகா வெறும் உடற்பயிற்சிதானா? அம்மாவின் பிரஷருக்கு உதவுமா?

உப்புவெளிக் கடற்கரையில் காலையில் பாய் விரித்துச் செய்வதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே தெரிவது ஆசனம் மட்டும்தான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொன்ன யோகத்தின் எட்டு அங்கங்களில் அது மூன்றாவது. பொய், களவு வேண்டாம் என்கிற இயமமும், தூய்மை, மனநிறைவு என்கிற நியமமும் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டைத்தான் விரிக்கிறார். மனத்தின் அலைச்சலை அடக்குவதே நோக்கம். முதுகு வளைந்து கொடுப்பதெல்லாம் இலவச இணைப்பு!

சரி, பிரஷர்? மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விட்டால் இதயத்துடிப்பு தணியும். தொடர்ந்து செய்தால் இரத்த அழுத்தமும் ஓரளவு குறையலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூச்சை அடக்கிப் பிடிப்பதும் தலைகீழ் ஆசனங்களும் அம்மாவுக்கு வேண்டாம். கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே தொடங்கட்டும்.