‘இங்கே தண்ணீரே வராது’ என்கிறார் தரகர்: கடலூரில் மனை வாங்கலாமா?

கேள்வி: கடலூரில், கெடிலம், தென்பெண்ணை ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஐந்து சென்ட் மனை ஒன்றைப் பார்த்திருக்கிறோம். விலை கட்டுபடியாகிறது. ‘இங்கே ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை’ என்று தரகர் உறுதியாகச் சொல்கிறார். ஓர் இடத்தின் வெள்ள, புயல் வரலாற்றை நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தரகர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். மனைப்பிரிவு போட்டு எட்டு வருடம் ஆகியிருந்தால், அவர் சொல்வது அந்த எட்டு வருடத்தின் உண்மை. நீங்கள் கட்டப்போகும் வீடோ ஐம்பது, அறுபது வருடம் நிற்க வேண்டியது. ஆகவே ‘தண்ணீர் வந்ததா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘எந்தத் தண்ணீர் வந்தது, எந்த வருடம் வந்தது?’ என்று கேளுங்கள். கடலூருக்குக் கடலும் ஆறும் ஓடையும் தனித்தனியாகத் தண்ணீர் கொண்டுவருகின்றன. ஒன்றிலிருந்து தப்பிய தெரு இன்னொன்றில் மூழ்கும்.

இந்தக் கரையின் புயல் கணக்கு மிகப் பழையது. 1749 ஏப்ரலில், தேவனாம்பட்டினத்தை ஒட்டிய புனித டேவிட் கோட்டைக்கு அருகே நின்றிருந்த ‘நமூர்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் புயலில் மூழ்கியது. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அது வந்தது சித்திரையில். 1761 ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களை இன்னொரு புயல் நொறுக்கியது. 1972 டிசம்பரில் வந்த புயல் கடலூர் அருகே கரை கடந்தது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தபோது, பண்ருட்டிப் பக்கம் தலைமுறைகளாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒன்றாகச் சாய்ந்தன. தானேயின் முதல் அடி காற்றின் அடி. எவ்வளவு மேட்டில் மனை வாங்கினாலும் காற்றுக்கு அது பொருட்டல்ல. கூரையும் அருகிலுள்ள மரமும்தான் அங்கே கேள்வி. 2004 சுனாமியில் இம்மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. நிலநடுக்கம் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டாம். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்து, தூண்களையும் கம்பி கட்டுவதையும் முறையாகச் செய்யுங்கள்.

உங்கள் மனையைப் பொறுத்தவரை நான் அதிகம் யோசிப்பது ஆற்றைப் பற்றித்தான். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரியும் திருவண்ணாமலையும் விழுப்புரமும் கடந்து, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தாழங்குடா அருகே கடலில் சேர்கிறது. வழியில் பெய்த மழையெல்லாம் கடைசியில் கடலூருக்கே வந்தாக வேண்டும். 2024-இல் நடந்ததைப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மறுநாள் மழை உள்ளே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. புயல் போய்விட்டது என்று கடற்கரை மக்கள் மூச்சு விடும் நேரத்தில்தான் ஆற்று வெள்ளம் வந்து சேர்கிறது. அந்த வேளையில் கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. வெள்ளம் பக்கவாட்டில் ஊருக்குள் பரவும். அங்கே குடியேறினால், வீட்டு வாசலில் பெய்யும் மழையைவிட சாத்தனூர் நீர்மட்டச் செய்தியைக் கவனிக்கப் பழகுங்கள்.

கெடிலத்தின் குணம் வேறு. நீளம் குறைந்த ஆறு, சீக்கிரம் ஏறும், சீக்கிரம் வடியும். ஆகவே எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஓடைகளுக்கு அந்த நேரமும் கிடையாது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தபோது, பண்ருட்டி அருகே விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற ஊர்களுக்குள் ஓடை வெள்ளம் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. வருடம் முழுவதும் வறண்டு கிடக்கும் ஓடையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

இனி விசாரிக்கும் முறை. பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கி, உங்கள் புல எண்ணை மட்டுமல்ல, சுற்றியுள்ள எண்கள் ‘அ’ பதிவேட்டில் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) என்னவென்று எழுதப்பட்டிருக்கின்றன என்றும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரியில் தண்ணீர் தேங்கும் பரப்பு) என்று ஏதாவது இருந்தால், தரையில் இன்று அது எங்கே என்று நடந்து தேடுங்கள். கண்ணில் படவில்லை என்றால் தண்ணீர் அதை மறந்துவிட்டது என்று பொருளல்ல. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் பாதிப்புக்குள்ளாகும் ஊர்கள் தரம் பிரித்துப் பட்டியலிடப்பட்டிருக்கும். அதில் உங்கள் பகுதி எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கிப் பார்த்தால், மனைப்பிரிவுக்கு முன் அங்கே வயலா, குட்டையா என்பது தெரிந்துவிடும். முகத்துவாரத்துக்கு அருகில் என்றால், கடலோரத்தில் கட்டடம் கட்டுவதற்கான கட்டுப்பாடுகளைக் காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடமும் அவசியம். கடல் ஏற்றம் எட்டும் ஆற்றுக்கரைக்கும் அந்த விதிகள் பொருந்தும்.

ஊர்ப் பெயர்களையும் கேளுங்கள். தாங்கல், ஏந்தல், பள்ளம், மடு என்று முடிந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. மேடு, திட்டு என்றால் நல்லது என்று தோன்றும். ஆனால் ஆற்றோரத்தில் ஓரிடத்துக்கு மேடு என்று பெயர் வருவதே சுற்றிலும் தண்ணீர் நிற்பதால்தான். தென்பெண்ணைக் கரையில் நாணமேட்டையும் உச்சிமேட்டையும் வெள்ளம் சூழ்ந்ததை ஊரார் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வீடு நனையாமல் நிற்கலாம். ஆனால் பாலும் மருந்தும் வந்து சேருமா?

பிறகு, அருகிலுள்ள பழைய வீடுகளுக்குப் போங்கள். சுவரில் கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, படிக்கட்டை எப்போது உயர்த்தினார்கள், தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆனது என்று பெண்களிடம் கேளுங்கள். சேற்றைக் கழுவியவர்களுக்குத் தேதியும் உயரமும் தெளிவாக நினைவிருக்கும். அந்தக் கறைக்கு மேல் குறைந்தது இரண்டடியாவது உங்கள் தரைமட்டம் அமைய வேண்டும். முன்னாலுள்ள சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் சற்று உயரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மண் கொட்டி மனையை உயர்த்தும்போது, பக்கத்து மனைத் தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடாதீர்கள். வீட்டுக் காப்பீடு எடுத்தால், புயலும் வெள்ளமும் அதில் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முன்பணத்துக்கு அவசரப்படுத்தினாலும் ஒரு கார்த்திகை வரை பொறுங்கள். பெருமழை விட்ட மறுநாள் காலையில் அங்கே போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அரைநாள் நின்று பாருங்கள். தரகரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.