அடக்கமாக வளர்ந்தவர்களுக்குத் தங்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் சொல்வது ஏன் கடினம்?

தன்னை முன்னிறுத்துதல் என்றால், நாம் செய்ததைத் தெரியவேண்டியவரிடம் தெளிவாகச் சொல்வது. அவ்வளவுதான். "நிறைகுடம் தளும்பாது" என்று கேட்டு வளர்ந்தவருக்கு அதுவே கூசும். ஊருக்குள் நம்மைப் பற்றி மற்றவர்களே சொல்லிவிடுவார்கள், நாம் வாய் திறக்கத் தேவையில்லை. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனி நேர்காணலில் எதிரே இருப்பவருக்கு நம்மைத் தெரியாதே!

வேலூர்ச் சந்தையில் "இது இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்" என்று கூவி விற்பவரை யாரும் தற்பெருமைக்காரர் என்பதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய்தான், ஆனாலும் சாக்குக்குள்ளேயே கிடந்தால் யார் வாங்குவார்?

பெரும்பாலும் சறுக்குவது "நாங்க செஞ்சோம்" என்பதில். குழுவைச் சொன்ன கையோடு உங்கள் பங்கைத் தனியாகச் சொல்லுங்கள்: என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், என்ன மாறியது. உதாரணமாக, "தையலில் நாளுக்கு 40 ஜோடி திரும்பி வந்தது. ஊசி மாற்றும் நேரத்தை நான் குறித்துவைத்து மாற்றினேன். 15 ஆகக் குறைந்தது." 'சிறப்பாக', 'திறமையாக' போன்ற சொற்கள்தான் பெருமை போல ஒலிக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவசியம், இல்லாவிட்டால் 'நான்' என்ற இடத்தில் குரல் தானாக இறங்கிவிடும்.

இது நம் மரபுக்கு எதிரானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தன் ஆற்றலை அறியாதவரிடையே புலவர் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நன்னூலே இடம் தருகிறது.