பினாங்கில் வசிக்கும் ஓர் ஆண் முதன்முறையாகப் பெண்களின் உடைகளை வாங்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவருக்கு வயது 27. பாயான் லெப்பாஸில் வேலை, இரண்டு நண்பர்களுடன் வாடகை வீடு, பட்டர்வொர்த்தில் அம்மா. தனித்திருக்கும்போது பெண்களின் உடையை அணிய வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தும் இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை என்கிறார். கடைக்காரர் என்ன நினைப்பார், தன் அளவு என்ன, முதலில் எதை வாங்குவது என்பவை அவருடைய மூன்று கேள்விகள். நான் அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவன், ஜார்ஜ்டவுனில் இருக்கிறேன், பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படி உடை வாங்கி வருகிறேன். நான் திருநங்கை அல்லன். ஆணாகவே வாழ்ந்து, சில மாலைகளில் வீட்டுக்குள் பெண்ணுடை அணிபவன். தம்மைப் பெண்ணாகவே உணர்பவர்களின் வாழ்க்கை வேறு, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் கடைசியில் கேட்டதால்தான் என் முதல் 89 ரிங்கிட் வீணாயிற்று. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் லெபோ பசார் தெருவில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, முகம் வியர்க்க, கைக்கு முதலில் அகப்பட்ட கரும்பச்சை நிறப் பஞ்சாபி சூட்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். என் டி-சட்டை ‘எல்’ அளவு என்பதால் இதுவும் ‘எல்’லாகவே இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு கணக்கு என்னிடம் இல்லை. கடைப் பெண் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: “யாருக்கு அண்ணே?” “அக்காவுக்கு.” “அக்கா ஒல்லியா, குண்டா?” “என்னை மாதிரிதான் இருப்பாங்க.” அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அக்காவையே கூட்டிவந்து போட்டுப் பார்ப்பது நல்லது என்றார். அக்கா ஈப்போவில் இருக்கிறார் என்று அடுத்த பொய்யைச் சொன்னேன். உண்மையில் எனக்கு அக்காவே இல்லை. வீட்டில் கதவைத் தாழிட்டு அணிந்து பார்த்தபோது தலை நுழைந்தது, கைகள் பாதிவரை நுழைந்தன, அதற்குமேல் இறக்க முயன்றபோது அக்குளில் தையல் பிரிந்தது. பயத்தில் வாங்கிய துணி உடம்பில் ஏறாது என்பதற்கு அந்தப் பிரிந்த தையலை நெடுநாள் சாட்சியாக வைத்திருந்தேன்.

ஆகவே பணப்பையைத் திறக்கும் முன் அளவு நாடாவை எடுங்கள். மார்புச் சுற்றளவை முலைக்காம்பு மட்டத்திலும், பிரா எனும் உள்ளாடைக்கான சுற்றளவை அதற்குச் சற்றுக் கீழே விலா எலும்பை ஒட்டியும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இடுப்பில்தான் ஆண்கள் தவறுகிறோம். நாம் கால்சட்டை கட்டும் இடத்தை இடுப்பு என்று நினைக்கிறோம். பெண்களின் உடை இடை என்று கொள்வது தொப்புளுக்கு மேலே உடல் மிகக் குறுகும் இடத்தை. எனக்கு இரண்டுக்கும் இடையே இரண்டு அங்குல வேறுபாடு. பிட்டத்தின் மிக அகன்ற பகுதியைச் சுற்றி ஓர் அளவு, மேற்கையின் தடிமன் ஓர் அளவு, முதுகுப்புறம் ஒரு தோள் எலும்பிலிருந்து மறு தோள் எலும்புவரை ஓர் அளவு ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன தோள் அளவுதான் நம்மைக் காட்டிக்கொடுப்பது. குர்த்தாக்களில் 38, 40, 42 என்று இருக்கும் எண்கள் பெரும்பாலும் மார்பைக் குறிப்பவை; அந்த எண்ணின்படி என் 39 அங்குல மார்பு 42-க்குள் வசதியாக அடங்கும், ஆனால் பதினேழரை அங்குலத் தோள் அடங்காது. கையில்லாத குர்த்தா, கழுத்திலிருந்தே சரிந்து இறங்கும் கைவெட்டு, நீளும் தன்மையுள்ள துணி ஆகிய மூன்றும் இந்தச் சிக்கலுக்கு விடை. மார்புக்கு ஏற்ற எண்ணைவிட ஓர் அளவு பெரிதாக எடுத்து, இடையைத் தையற்காரரிடம் பிடித்துக்கொள்வதும் நடக்கும். சிறியதைப் பெரிதாக்குவது நடக்காது.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தைப் பற்றி என் தாத்தா அடிக்கடி சொல்வார். அங்கே ரதியாக வேடமிட்டவர் பகலில் ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுக்கும் ஓர் ஆள். தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் அவருக்குச் சேலையும் நகையும் இரவல் கொடுத்து, கண்ணுக்கு மையும் தீட்டி விட்டார்களாம். ரவிக்கை மட்டும் ஒருவருடையதும் பொருந்தாமல், முதுகில் கொக்கிகளைத் திறந்தே விட்டு ஊக்குகளால் இழுத்துக் குத்தியிருந்தார்களாம். விடியும்வரை அவர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டாமலே ஆடினார் என்பதைச் சொல்லும்போது தாத்தா சிரிப்பார். எனக்கு அந்தக் கதை இப்போது அளவெடுப்பதைப் பற்றிய கதையாகவே கேட்கிறது.

முதலில் வாங்க வேண்டியது என் கருத்தில் பாத்தேக் கைலியும் கஃப்தானும். நம் நாட்டில் கட்டம் போட்ட பெலிக்காட் கைலி ஆணுக்கும், பூப்போட்ட பாத்தேக் கைலி பெண்ணுக்கும் என்று வழக்கம் பிரித்திருக்கிறது (பெலிக்காட் என்ற பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி வந்ததாகச் சொல்வார்கள்). பாத்தேக் கைலிக்கு அளவு கிடையாது, போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, அம்மாவுக்கு என்று சொன்னால் யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். கஃப்தானும் அப்படியே: தோளிலிருந்து தளர்வாக விழுவதால் தோள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நான் என்னுடையதை ஒரு பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 25 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ஒரு பக்கம் அப்பாம் பாலிக் பணியார வாசனை, ஒரு பக்கம் துரியான் விலை பேசும் சத்தம், நடுவில் குவித்து வைத்த நைட்டிகள். வியாபாரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை, கையில் இருந்த ஐம்பது ரிங்கிட் நோட்டைத்தான் பார்த்தார்.

கடைக்காரர் என்ன நினைப்பார் என்ற கேள்விக்கு அதுவே பாதிப் பதில். தீபாவளி நெருங்கும்போது லிட்டில் இந்தியாவில் மனைவிக்கும் தங்கைக்கும் மருமகளுக்கும் சேலை எடுக்கும் ஆண்களை எண்ணி முடியாது. பெண்ணுடை வாங்கும் ஆண் அங்கே காட்சிப்பொருள் அல்லன். மறுபாதி, லிட்டில் இந்தியா நான்கைந்து தெருக்கள்தான் என்பது. கடைக்காரர் எதையும் நினைக்காவிட்டாலும், எதிர்க்கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருக்கும் சித்தி நினைப்பார். அந்த அச்சம் உள்ளவர்கள் பிராங்கின் மால் பக்கமோ குவீன்ஸ்பே மாலுக்கோ போகலாம். பண்டல் கடைகள் இன்னும் நல்லவை. அங்கே பழைய துணிகள் கம்பிகளில் நெருக்கமாகத் தொங்கும். எல்லோரும் எல்லாவற்றையும் கிளறிக்கொண்டிருப்பார்கள். சில ரிங்கிட்டுக்கே ஒரு பாவாடை கிடைக்கும். உங்கள் உடம்புக்கு எந்த வெட்டு ஒத்துவரும் என்று கற்றுக்கொள்ள அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.

இரண்டாம் முறை அதே லெபோ பசாருக்கு, வேறு கடைக்கு, ஒரு துண்டுச் சீட்டுடன் போனேன். மார்பு, இடை, பிட்டம், தோள், கை என்று அளவுகள் வரிசையாக எழுதியிருந்த அந்தச் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டி, “இந்த அளவுக்கு ஒரு பஞ்சாபி சூட் வேண்டும்” என்றேன். யாருக்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. படித்துவிட்டு “ஆளு நல்ல உயரம் போல” என்றார். ஆமாம் என்றேன், அது பொய்யில்லை. பிறகு அவருடைய கவலையெல்லாம் அதற்கு ஏற்ற துப்பட்டாவையும் என் தலையில் கட்டிவிட வேண்டும் என்பதிலேயே இருந்தது. எனக்கு இல்லாத அக்காவைவிட அந்தச் சீட்டு எவ்வளவோ நம்பகமானது. ‘எனக்குத்தான்’ என்று சொல்லும் துணிவு உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள். ஆனால் கடையில் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்: பெண்களுக்கென்று ஒதுக்கிய உடைமாற்றும் அறைக்குள் நாம் போகக் கூடாது. நம் கூச்சம் தீர்வதற்காக இன்னொருவர் அஞ்சி நிற்பது நியாயமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று முதலிலேயே கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மலிவு விற்பனைக் காலத்தில் பல கடைகள் மாற்றித் தருவதில்லை.

ஷாப்பி, லஸாடா, சலோரா போன்ற இணையக் கடைகளில் கூச்சத்துக்கே இடமில்லை, ஆனால் நண்பர்களுடன் குடியிருக்கும் உங்களுக்கு அங்கே வேறொரு கூச்சம் காத்திருக்கிறது. சில விற்பனையாளர்கள் பொட்டலத்தின் மேல் ஒட்டும் தாளிலேயே பொருளின் பெயரை அச்சிட்டுவிடுவார்கள். பெயரை மறைத்து அனுப்புவார்களா என்று விற்பனையாளரிடம் எழுதிக் கேளுங்கள், அல்லது வீட்டுக்கு வரவழைக்காமல் நீங்களே சென்று பெற்றுக்கொள்ளும் மையத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘எக்ஸ்எல்’ என்ற எழுத்தை நம்பாமல், படத்தின் கீழே சென்டிமீட்டரில் தரப்பட்டிருக்கும் தோள், மார்பு அளவுகளை உங்கள் சீட்டுடன் ஒப்பிடுங்கள். சீனாவிலிருந்து வரும் உடைகளின் ‘எக்ஸ்எல்’ பல நேரங்களில் நம் ‘எம்’ அளவைத் தாண்டுவதில்லை.

உள்ளாடைக்கு இரண்டு எண் முறைகள் வழங்குவது முதலில் குழப்பும். 75 என்றால் 34, 80 என்றால் 36, 85 என்றால் 38, 90 என்றால் 40. முதலாவது விலா எலும்புச் சுற்றளவின் சென்டிமீட்டர் கணக்கு. என் சுற்றளவு 91 சென்டிமீட்டர், ஆகவே 90. சிறு கடைகளில் 38-க்கு மேல் எளிதில் கிடைப்பதில்லை. கொக்கிப் பட்டையை நீட்டிக்கும் சிறு துண்டு ஒன்று தனியாக விற்பார்கள், அது ஓர் அளவுக் குறையைச் சமாளிக்கும். முதல் முறைக்கு ‘எல்’, ‘எக்ஸ்எல்’ என்று விற்கும் கம்பியில்லாத வகையே போதும். காலணிக்கு ஐரோப்பிய எண் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். உங்கள் காலணி 42 என்றால் பெண்கள் பகுதியிலும் 42-ஐத்தான் தேட வேண்டும், அது அரிதாகவே அகப்படும் என்பது வேறு விஷயம். விரல் திறந்த, வார் வைத்த செருப்பில் தொடங்குங்கள்.

சேலையை உங்களில் பலர் முதலில் நினைப்பீர்கள் என்று தெரியும். ஐந்தரை மீட்டர் சேலைக்கும், நாடா வைத்த உள்பாவாடைக்கும் அளவுத் தொல்லை இல்லை. ரதிக்கு வந்த அதே ரவிக்கைத் தொல்லைதான் உண்டு. இப்போது நீளும் துணியில் ஆயத்த ரவிக்கைகள் வருகின்றன. சேலைக்கு அவசரப்பட வேண்டாம் என்பேன். கட்டப் பழக ஒரு மாதம் ஆகும், நண்பர்கள் எப்போது வெளியே போவார்கள் என்று காத்திருந்து பழகினால் மூன்று மாதம்.

சட்டத்தைப் பற்றி: வாங்குவது குற்றமில்லை. அணிந்து வெளியே செல்வது வேறு. முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும் ஷரியா சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் உண்டு. கோலாலம்பூர் முதலான கூட்டரசுப் பிரதேசங்களின் 1997-ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பொது இடத்தில் பெண்ணுடை அணிந்து, ஒழுக்கக்கேடான நோக்கத்துடன் பெண்ணாகத் தோன்றும் ஆணுக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் இத்தகைய பிரிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் செல்லாது என்றது; 2015-இல் அதற்கு மேலான கூட்டரசு நீதிமன்றம், வழக்கைத் தொடுத்த முறை தவறு என்ற காரணத்தால் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இந்துவான எனக்கு அவை பொருந்தா. எனினும் 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் பொது இடத்து அநாகரிக நடத்தை பற்றிய பிரிவைத் திருநங்கையர்மீது பயன்படுத்தியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு ஒரு நாள் குற்றவுணர்வு வந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டி எறிந்துவிடத் தோன்றும். நான் இருமுறை எறிந்தேன், இருமுறையும் அரை வருடத்துக்குள் அதே பொருள்களை மறுபடி காசு கொடுத்து வாங்கினேன். எறியத் தோன்றும் நாளில் பூட்டுள்ள பயணப் பெட்டியில் போட்டு மூன்று மாதம் திறக்காமல் வைத்துப் பாருங்கள். துவைப்பதற்குச் சுயசேவை டோபிக் கடைகள் பல இரவு முழுவதும் திறந்திருக்கின்றன. பதினொரு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் ஆள் இருக்காது. உள்ளாடையை மட்டும் அங்கே உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், சூட்டில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். கையால் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, உங்கள் அறைக்குள்ளேயே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் போட்டால் காலை வேலைக்குக் கிளம்புவதற்குள் காய்ந்திருக்கும்.