பாஸிவ் வாய்ஸில் டென்ஸ் எங்கே இருக்கிறது?

அம்பாசமுத்திரத்திலிருந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டென்ஸ் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்வேன், ஆனால் பாஸிவ் வாய்ஸுக்கு மாற்றச் சொன்னால் 'இஸ் பீயிங்', 'ஹாஸ் பீன்' எல்லாம் குழம்பிவிடுகிறது. என்ன செய்வது?"

தம்பி, முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். பாஸிவில், அதாவது செயப்பாட்டு வினையில், வினைச்சொல் எப்போதும் மூன்றாம் வடிவத்தில்தான் நிற்கும், அது அசையவே அசையாது. காலத்தைக் காட்டுவது அதற்கு முன்னால் வரும் 'பி' வினைதான் (இஸ், ஆர், வாஸ், இஸ் பீயிங், ஹாஸ் பீன் எல்லாம் அதன் வடிவங்கள்). உங்கள் பக்கத்துப் பத்தமடைப் பாயையே எடுத்துக்கொள்வோம். நெய்வதற்கு வீவ், வோவ், வோவன். தறிக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் அம்மா கோரையை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருக்கிறார், பாய் பாதிதான் ஆகியிருக்கிறது: 'தி மேட் இஸ் பீயிங் வோவன்'. நெய்து முடித்துச் சுருட்டி ஓரமாகச் சாத்திவிட்டார்: 'தி மேட் ஹாஸ் பீன் வோவன்'. பத்தமடையில் பாய் நெய்வார்கள் என்று பொதுவாகச் சொன்னால் 'மேட்ஸ் ஆர் வோவன் இன் பத்தமடை'. மூன்றிலும் 'வோவன்' மாறவே இல்லை, பாருங்கள். பீயிங் இருந்தால் வேலை நடக்கிறது, ஹாஸ் பீன் இருந்தால் முடிந்துவிட்டது.

சரி, நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இன்னோர் இடத்தில், அதுவும் தமிழ்ப் பழக்கத்தால். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் '1843-ல் திறக்கப்பட்டிருக்கிறது' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், காது உறுத்தாது. அதையே 'ஹாஸ் பீன் ஓப்பன்ட் இன் 1843' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. முடிந்துபோன ஆண்டோ 'யெஸ்டர்டே' போன்ற சொல்லோ வந்துவிட்டால் ஆங்கிலத்தில் ஹாஸ் பீன் நிற்காது, 'வாஸ் ஓப்பன்ட் இன் 1843' மட்டும்தான் சரி. ஆண்டைச் சொல்லாமல், சாலை போட்டாயிற்று, இப்போது போகலாம் என்ற பொருளில் 'தி ரோடு ஹாஸ் பீன் லெய்ட்' என்றால் சரி.

யாரால் என்று காட்டும் 'பை' எல்லா இடத்திலும் வேண்டாம். பாயை யார் நெய்தார் என்பது தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள். பாலத்துக்குத் தன் கைக்காசைப் போட்டவர் முதலியார் என்று சொல்லவேண்டுமென்றால் 'பை சுலோசன முதலியார்' கட்டாயம் வரவேண்டும்.

அப்புறம், 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்' என்று எழுதாதீர்கள். எதை நெய்தார் என்று கேட்டால் பாயை என்று பதில் வருகிறது. எதை நடந்தது என்று கேட்கவே முடியாது. பள்ளியில் படித்த செயப்படுபொருள் குன்றிய வினை இதுதான், இதற்குப் பாஸிவே கிடையாது, 'தி ஆக்சிடென்ட் ஹேப்பண்ட்' என்று எழுதினால் போதும்.