கணையத் தலையில் கட்டி: ரோபோவில் செய்வதா, வயிற்றைத் திறந்து செய்வதா?

கேள்வி சுருக்கமாக இது: அம்பாசமுத்திரத்தில் இருக்கும் 61 வயது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் 2.8 செ.மீ. கட்டி. மதுரையில் பார்த்த டாக்டர் ஓப்பன் சர்ஜரிதான் என்கிறார். சென்னையில் ஒரு மருத்துவமனை ரோபோவில் செய்யலாம், மூன்று லட்சம் கூடுதலாகும் என்கிறது. எதை நம்புவது?

கட்டி கணையத்தின் வால்பகுதியில் இருந்திருந்தால், ரோபோ பக்கம் சாயுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். தலையில் இருப்பதால் பதில் மாறுகிறது. எந்த முறை என்பதைவிட, அந்தக் குழு அந்த முறையில் வருஷத்துக்கு எத்தனை செய்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தக்கசிவு வந்தால் அடைக்க ஆள் இருக்கிறாரா, இந்த இரண்டும்தான் அப்பாவுக்கு முக்கியம்.

வாலுக்கும் தலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வாலில் கட்டி என்றால் வெட்டி எடுத்து முனையை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் மண்ணீரலும் சேர்ந்து போகும். மறுபடி இணைக்க எதுவும் இல்லை. அங்கே சின்னத் துளைகள் வழியாக, லேப்ராஸ்கோப்பிலோ ரோபோவிலோ செய்யும் துளை வழி அறுவையால் உண்மையிலேயே லாபம் உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளிவந்த லெப்பர்ட் ஆய்வில், துளை வழியாகச் செய்துகொண்டவர்கள் 4 நாளில் தேறினார்கள், வயிற்றைத் திறந்தவர்களுக்கு 6 நாள் ஆனது. புற்றுக்கட்டியை முழுசாக எடுப்பதிலும் துளை வழி முறை பின்தங்கவில்லை என்று 2023இல் டிப்ளோமா ஆய்வு காட்டியது.

தலையில் செய்வது விப்பிள் அறுவை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையின் ஒரு பகுதி எல்லாம் ஒன்றாக வெளியே வரும். பிறகு சிறுகுடலைத் தூக்கி மூன்று இடத்தில் தைக்க வேண்டும்: கணையத்தோடு, பித்தநாளத்தோடு, இரைப்பையோடு. ரோபோவில் செய்தாலும் உள்ளே எடுப்பதும் தைப்பதும் இதேதான். மாறுவது வயிற்றுச் சுவர் மட்டும். திறந்து செய்தால் 20 செ.மீ.க்கு மேல் நீளமான வெட்டு. ரோபோவில் 8 மி.மீ. அளவில் நான்கு துளை, உதவி டாக்டருக்கு ஒன்றிரண்டு துளை, எடுத்த பாகத்தை வெளியே கொண்டுவர 4 முதல் 6 செ.மீ. வெட்டு ஒன்று. "தழும்பே இருக்காது" என்று யாராவது சொன்னால் இந்தக் கடைசி வெட்டைப் பற்றிக் கேளுங்கள்.

மூன்று தையலில் பயப்பட வேண்டியது கணையத் தையல். கணையக் குழாய் 3 மி.மீ. அல்லது அதற்கும் குறுகலாக இருந்து, கணையமும் மெத்தென்று இருந்தால், நுங்கில் ஊசி போட்டு இழுப்பதுபோல நூல் அறுத்துக்கொண்டு வரும். நாள்பட்ட அழற்சியால் இறுகிய கணையத்தில் தையல் பிடிக்கும். ரோபோவின் உண்மையான பலம் இங்கேதான்: முப்பரிமாணத்தில் பல மடங்கு பெரிதாகத் தெரியும் படம், மணிக்கட்டுபோலத் திரும்பும் கருவி முனை, நடுங்காத பிடி. அதன் பலவீனமும் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று ஓடும் பெரும்பாலான ரோபோக்களில் திசுவின் இறுக்கம் டாக்டர் கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் நூலை எவ்வளவு இழுப்பது என்று கணிக்க வேண்டும்.

இன்னொரு பலவீனம் ரத்தக்கசிவு. கணையத் தலைக்குப் பின்னால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. திறந்த வயிற்றில் அது கிழிந்தால் விரலை வைத்து அழுத்திவிடலாம். ரோபோவில் தலைமை டாக்டர் சில அடி தள்ளி, ரோபோவை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்திருப்பார். அந்த நொடியில் அழுத்திப் பிடிப்பதும், ரத்தத்தை உறிஞ்சுவதும், தேவைப்பட்டால் ரோபோ கைகளைக் கழற்றி வயிற்றைத் திறப்பதும் படுக்கையருகில் நிற்கும் உதவி டாக்டரின் வேலை. அதனால் "பக்கத்தில் நிற்பது யார், அவர் எத்தனை கேஸில் நின்றிருக்கிறார்?" என்று கேட்பது மரியாதைக் குறைவே இல்லை. நடுவில் ஓப்பனாக மாற்றினால் அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். சரியான நேரத்தில் மாற்றுகிற டாக்டர்தான் வேண்டும்.

அனுபவத்துக்கு அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு தங்களுடைய முதல் 200 ரோபோ விப்பிள் நோயாளிகளை ஆராய்ந்து 2015இல் எழுதியது: ரத்த இழப்பும் ஓப்பனாக மாற்றுவதும் குறைய 20 கேஸ் ஆனது, கணையக் கசிவு குறைய 40, அறுவை நேரம் குறைய 80. துளை வழியில் விப்பிள் செய்யும் மையம் வருஷத்துக்கு 20ஆவது செய்ய வேண்டும் என்று மியாமி வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இது வெறும் கெடுபிடி இல்லை. நெதர்லாந்தின் லெப்பர்ட்-2 ஆய்வில் லேப்ராஸ்கோப் விப்பிள் குழுவில் சிக்கல்களால் 10 சதவீதம் பேர் இறந்தார்கள், ஓப்பன் குழுவில் 2 சதவீதம். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அது ரோபோ இல்லை, டாக்டரே கையால் கருவி பிடித்துத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப். ஆனாலும் பாடம் பொருந்தும். அதே லேப்ராஸ்கோப் முறையை நன்கு பழகிய கோயம்புத்தூர் குழு செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் 13 நாளுக்குப் பதில் 7 நாளில் வீடு திரும்பினார்கள். முறை ஒன்றுதான், கை வேறு.

ரோபோவையே ஓப்பனோடு நேராக ஒப்பிட்டவற்றில், 2024இல் வந்த சீன ஆய்வில் பழகிய டாக்டர்கள் செய்தபோது மருத்துவமனை நாட்கள் இரண்டு போலக் குறைந்தன. அதே வருஷம் வந்த ஜெர்மன் ஆய்வில் மொத்தச் சிக்கல்களில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, செலவு கூடியது. ஆக, அந்த மூன்று லட்சத்தால் கிடைப்பது வலிக்குறைவு, சிறிய காயம், சீக்கிரம் எழுந்து நடப்பது. ஆயுள் கூடும் என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம்.

எப்போது ரோபோ வேண்டவே வேண்டாம்? கட்டி பெரிய சிரையைப் பிடித்திருந்தால், முன்பே வயிற்றில் பெரிய அறுவை நடந்து குடல் ஒட்டிக் கிடந்தால், இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால் ஓப்பன்தான் என் தேர்வு. ரோபோவுக்கு வயிற்றில் கரியமில வாயுவை ஏற்றி, தலைப்பக்கத்தை உயர்த்திப் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பலவீனமான இதயத்துக்கு அது சுமை. மதுரை டாக்டர் ஓப்பன் என்றதற்கு ஸ்கேனில் தெரிந்த சிரைதான் காரணமா என்று நேராகக் கேளுங்கள். "ஆமாம்" என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த ஸ்கேனைப் பற்றி அவசரமாக ஒன்று. காமாலைக்கு ஸ்டென்ட் (பித்தநாள அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைப்பதற்கு முன்பே, கணையத்துக்கென்று மெல்லிய வெட்டுகளாக, தமனிக்கும் சிரைக்கும் தனித்தனிக் கட்டமாக எடுக்கும் சி.டி. எடுத்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தபின் கணையம் வீங்கினால் கட்டியின் எல்லை தெரியாமல் போகும். ரத்தத்தில் காமாலை அளவைக் காட்டும் பிலிரூபின் 14க்குள் இருந்து, குளிர்க்காய்ச்சலும் இல்லாமல், அறுவையும் சீக்கிரமே நடக்கும் என்றால் ஸ்டென்ட் இல்லாமலே போகலாமா என்று கேட்கலாம். சி.ஏ. 19-9 என்ற புற்று தொடர்பான ரத்தப் பரிசோதனை அளவு காமாலையில் தானாகவே ஏறும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம்ம பக்கம் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து ஒரு மாதத்தை ஓட்டுவது நடக்கிறது. மலம் சுண்ணாம்பு நிறத்தில் போய், உடம்பெல்லாம் அரித்தால் அது குழாய் அடைப்புக் காமாலை. பச்சிலைக்கு அந்த அடைப்பு திறக்காது.

தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் கல் அடைந்த நாள்பட்ட கணைய அழற்சி அதிகம். அது புற்றுக்கும் வழிவிடும், சில சமயம் கட்டிபோலவே தெரிந்து ஏமாற்றவும் செய்யும். அப்பாவுக்கு நெடுநாள் வயிற்றுவலி, சிறுவயதிலேயே வந்த சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி, திருநெல்வேலிக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம்: தூரம். விப்பிளுக்குப் பிறகு மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டிரெய்னில் (வயிற்றில் வைக்கும் வடிகுழாய்) வரும் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதி, ரத்தத்தின் இயல்பு அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணையம் கசிகிறது என்று அர்த்தம். பலருக்கு அது தானாக அடங்கும். சிலருக்குக் கசிந்த நீர் பக்கத்துத் தமனியின் அடைத்த முனையை அரிக்கும். முதல் அடையாளம் சின்னதாக இருக்கும்: டிரெய்ன் பையில் ஒரு கரண்டி புது ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம். பிறகு நின்றுவிடும். சில மணி நேரத்திலோ மறுநாளோ பெரிய கசிவு வரும். இது அறுவை முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரலாம், அதாவது ஊர் திரும்பிய பிறகு. அப்போது உடனே ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுத்து, தமனி வழியாகச் சுருள் வைத்து அடைக்க வேண்டும். சென்னையில் அறுவை செய்துவிட்டு, டிரெய்னோடு பத்தாம் நாளே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வந்தால் அந்த வசதி 600 கி.மீ. தள்ளிப் போய்விடும். டிரெய்ன் எடுத்து, சாப்பாடு ஏறும்வரை அதே ஊரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்குங்கள். அறைச் செலவையும் கணக்கில் சேர்த்தால் ரோபோவில் மிச்சமாகும் இரண்டு நாள் பெரிதாகத் தெரியாது. ஊருக்கு வந்தபின் ரத்தம் கண்டால் எங்கே போவது என்று, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி உட்பட, பக்கத்தில் சுருள் அடைப்பு ராத்திரியிலும் நடக்கும் இடத்தை இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

பணத்தில்: ரோபோ அறுவையைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கக்கூடாது என்று 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் உச்சவரம்பு போடலாம். பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த அறுவைக்கு எவ்வளவு அனுமதி என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் எண்ணெய் மிதக்கும் மலம் போனால், செரிமானத்துக்குத் தரும் கணைய நொதி மாத்திரை போதவில்லை என்று பொருள். அதை முதல் கவளத்தோடும் சாப்பாட்டின் நடுவிலும் பிரித்துப் போட வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் போட்டால் சரியாக வேலை செய்யாது. சொதியையும் தேங்காயையும் ஒதுக்கி எடையை இழப்பதைவிட, டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கூட்டுவது மேல். திசுப் பரிசோதனையில் புற்று என்று வந்தால், வெட்டின விளிம்பு சுத்தமா, எத்தனை நிணநீர் முடிச்சுகள் எடுத்தார்கள் என்று பாருங்கள். கீமோவை 12 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்குச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, ஊருக்குப் பக்கத்திலேயே எடுக்கலாம்.