பழகின கை ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பல வருஷமாகப் பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் மெஷின்) ஓட்டும் அக்கா ஒருவருக்குக் கொஞ்ச நாளாகப் பீஸ் குறைகிறது, செக்கிங்கிலிருந்து நிறையத் திரும்பியும் வருகிறது. 'டிரெய்னிங் கொடு, இல்லை கணக்கை முடி' என்கிறார் முதலாளி. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தெரியாதவருக்குத்தான் டிரெய்னிங். இத்தனை வருஷம் நன்றாக ஓட்டியவரை உட்காரவைத்துப் பனியன் கை மடிப்பு அடிக்கச் சொல்லிக்கொடுத்தால் அவமானம்தான் மிச்சம். நடுவில் எது மாறியது என்று பாருங்கள்.

திரும்பிய பீஸ்களை நிறம் பிரித்து அடுக்குங்கள். கறுப்பு, நேவி துணியில் மட்டும் தையல் விலகி, வெள்ளையில் சரியாக இருந்தால் சந்தேகம் கண் மேல்தான். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து யாருக்கும் வரும், ஆனால் கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் வெளியே சொல்லமாட்டார்கள். அசாமில் தேயிலை பறிக்கும், 40 வயது கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பறிக்கும் அளவு கண்ணாடி இல்லாதவர்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக உயர்ந்தது என்று 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஆய்வு வந்தது.

எல்லா நிறத்திலும் தையலோரம் பொடிப்பொடி ஓட்டை என்றால் ஊசி முனை போயிருக்கும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, கை தேர்ந்தவர் என்பதற்காகவே லைக்ரா கலந்த வழுக்குகிற பண்டல் எல்லாம் அவர் டேபிளுக்கே போகிறதா? நன்றாக ஓட்டுகிற ஆளுக்குப் பல கம்பெனிகளில் கிடைக்கிற பரிசு இதுதான், அதே ஷிப்டு சம்பளத்துக்கு. பண்டல் பிரித்துக் கொடுப்பது யார், நீங்கள்தானே?

பேசுவதைப் பத்துப் பேர் கேட்க லைனில் நின்று பேசாதீர்கள். டீ டைமில் தனியாக, திரும்பிய பீஸ் நாலைக் கையில் கொடுத்து, 'இதப் பாருங்கக்கா, எங்க சிக்குது?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சில இடங்களில் செக்கிங்கிலேயே பிரித்து வேறொருவர் தைத்துவிடுவார், தன் பீஸ் திரும்பியதே டைலருக்குத் தெரியாது.

அப்புறம் கண்ணாடியோ ஊசியோ பண்டலோ, ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் முதலாளி கேட்கும்போது எது உதவியது என்று சொல்ல முடியாது. எதிலும் தேறவில்லையா, வேறு வேலைக்கு மாறுகிறாரா என்று அவரிடமே கேளுங்கள், சம்பளம் குறையுமானால் அதையும் முதலிலேயே சொல்லிவிட்டு.