சிறிய படுக்கையறையை அழகாகவும் தாராளமாகவும் வைத்துக்கொள்வது எப்படி?

உங்கள் அறை 10 அடிக்கு 9 அடி, கட்டிலும் பீரோவும் போட்டபின் நிற்கக்கூட இடமில்லை, சுவருக்கு எந்த நிறம் அடித்தால் பெரிதாகத் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அறையும் இதே அளவுதான். ஆறு ஆண்டுகளாக நானும் என் கணவரும் அதில் இருக்கிறோம். முதல் இரண்டு ஆண்டுகள் நிறம், திரைச்சீலை, சுவர்ப்படம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. கட்டிலை மாற்றிய நாளில்தான் அறையே மாறியது. அதனால் நிறத்தைப் பிறகு பேசுவோம், முதலில் கட்டிலைப் பார்ப்போம்.

எங்களிடம் இருந்தது 6 அடி அகலக் கட்டில். 9 அடிச் சுவரின் நடுவில் தலைமாட்டை வைத்தால் இரு பக்கமும் ஒன்றரை அடிதான் மிஞ்சும். அதற்குள் நேராக நடக்க முடியாது, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். கால்மாட்டில் 2 அடி ஆழமுள்ள பீரோ. கட்டிலின் நீளம் ஆறரை அடி, பீரோ 2 அடி போக நடைபாதைக்கு மிஞ்சியது அங்கேயும் ஒன்றரை அடி. பீரோக் கதவின் அகலமும் சரியாக அதேதான். கதவை முழுக்கத் திறந்தால் முன்னால் நிற்க இடமிருக்காது. தினமும் காலையில் கட்டில்மேல் மண்டியிட்டுத்தான் துணி எடுத்தேன். கட்டிலின் முனை முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இடித்து இடித்து, அங்கே ஒரு கன்றிய தடம் ஆறாமலே இருந்தது.

ஒருவர் இயல்பாக நடக்க 2 அடி வேண்டும். குனிந்து இழுப்பறையைத் திறக்க வேண்டுமானால் இரண்டரை அடியாவது வேண்டும். இந்த இரண்டு அளவுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்யுங்கள். அறையைக் காலிசெய்ய முடிந்த அளவு காலிசெய்துவிட்டு, பழைய செய்தித்தாள்களை ஒட்டிக் கட்டில், பீரோ, மேசை ஆகியவற்றின் உண்மையான அளவில் வெட்டித் தரையில் விரியுங்கள். அறைக்கதவு உள்பக்கம் திறக்குமானால் அது சுற்றிவரும் கால் வட்டத்தையும் வரையுங்கள். பீரோக் கதவுக்கும் அப்படியே. பிறகு காகிதத்தை மிதிக்காமல் காலையில் எழுந்ததும் செய்யும் வேலைகளையெல்லாம் செய்து பாருங்கள்: எழுந்து, ஜன்னலைத் திறந்து, துணி எடுத்து, கதவுக்குப் போவது வரை. எங்கே கால் காகிதத்தில் படுகிறதோ அங்கேதான் சிக்கல். எனக்கு மூன்று இடங்களில் பட்டது. மூன்றுமே கட்டிலின் அகலத்தாலும் பீரோவின் ஆழத்தாலும் வந்தவை.

நாங்கள் 5 அடி அகலக் கட்டிலுக்கு மாறினோம். இரண்டு பேர் படுக்க அது போதும். இரு பக்கமும் 2 அடி கிடைத்தது. இருவரில் ஒருவர் மற்றவரைத் தாண்டி இறங்க வேண்டியிருக்கும் என்பதால் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட எனக்கு மனம் வரவில்லை. தனியாகப் படுப்பவரானால் தயங்காமல் ஒட்டிப் போடலாம், மறுபக்கம் நல்ல இடம் கிடைக்கும்.

அடுத்தது பீரோ. ஹேங்கரில் மாட்டிய சட்டை பக்கவாட்டில் தொங்க ஏறக்குறைய 2 அடி ஆழம் வேண்டும். பீரோக்கள் அந்த ஆழத்தில் வருவதற்கு அதுதான் காரணம். ஆனால் எங்கள் துணிகளில் முக்கால்வாசி மடித்து வைப்பவை. மடித்த துணிக்கு 14 அங்குலம் தாராளம். அதனால் பழைய பீரோவைக் கொடுத்துவிட்டு, ஒன்றரை அடி ஆழத்தில், தரையிலிருந்து கூரைவரை ஒரு அலமாரி செய்யச் சொன்னோம். கதவுகள் பக்கவாட்டில் நகர்பவை. தொங்கவிட வேண்டிய சில சட்டைகளுக்காக, வெளியே இழுக்கும்படியான குட்டைக் கம்பி ஒன்றை உள்ளே மேலே பொருத்தச் சொன்னேன். சட்டைகள் நம்மைப் பார்த்தபடி ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குகின்றன. ஆழம் அரை அடி குறைந்ததில் கால்மாட்டில் 2 அடி நடைபாதை வந்துவிட்டது. அந்த அரை அடியின் அருமை மண்டியிட்டு எழுந்தவர்களுக்குத்தான் தெரியும். உயரமான அலமாரியை மறக்காமல் சுவரோடு திருகிப் பொருத்திவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது கட்டாயம்.

இப்போது நிறம். சிறிய அறைக்கு வெள்ளைதான் என்று எல்லாரும் சொல்வார்கள். வெளிச்சம் நன்றாக வரும் அறைக்கு அது சரி. வெளிச்சம் குறைந்த அறையில் பளீர் வெள்ளை, சாம்பல் பூசியதுபோல மங்கித் தெரியும். எங்கள் ஜன்னல் சிறியது, அதனால் மஞ்சள் கலந்த வெளிர் நிறம்தான் ஒத்துவந்தது. எந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட, எத்தனை நிறங்கள் என்பதைக் கவனியுங்கள். அலமாரிக் கதவுகளுக்கும் அது நிற்கும் சுவருக்கும் ஒரே நிறத்தை அடித்தேன். அவ்வளவு பெரிய அலமாரி சுவரோடு கரைந்துவிட்டது. கருமரக் கதவாக விட்டிருந்தால் அதே அலமாரி அறைக்குள் ஒரு ஆள் எப்போதும் நிற்பதுபோல இருந்திருக்கும். அறை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் மட்டும், கோடியிலுள்ள குட்டைச் சுவருக்குக் கொஞ்சம் அழுத்தமான நிறம் அடிக்கலாம். அந்தச் சுவர் அருகே வந்ததுபோலத் தோன்றி, அறை சதுரமாகத் தெரியும்.

கண்ணாடியைப் பற்றி ஒன்று. பெரிய கண்ணாடி அறையைப் பெரிதாக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று பார்த்து மாட்டுங்கள். நான் முதலில் துணி போடும் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருந்தேன். ஒரு குவியல் இரண்டு குவியலானது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவருக்கு மாற்றியதும், கட்டிலிலிருந்து பார்த்தால் வானம் தெரிகிறது. மாலை வெயில் அதில் பட்டு எதிர்ச்சுவரில் ஒரு செவ்வகமாக விழும். அந்தச் சுவரில் எந்தப் படத்தையும் மாட்டாமல் விட்டிருக்கிறேன்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னலுக்கு அரை அடி மேலேயும், இரு பக்கமும் அரை அடிக்கு மேல் நீட்டியும் பொருத்துங்கள். ஒதுக்கும்போது சீலை சுவர்மேல் போய் நிற்கும், ஜன்னல் முழுவதும் வெளிச்சத்துக்குத் திறந்துவிடும்.

விளக்கு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கூரையின் நடுவே ஒரே ஒரு பிரகாசமான விளக்கு இருந்தால், மூலைகள் இருண்டு அறை இன்னும் சுருங்கும். அதைவிடக் குறைந்த ஒளியில் மூன்று விளக்குகள் நல்லது. தலைமாட்டின் இரு பக்கமும் சுவரிலேயே பொருத்தும் விளக்குகள், அலமாரிக்கு மேலே கூரையை நோக்கி ஒன்று. பல்பு வாங்கும்போது அட்டையில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவைப் பாருங்கள்: 2700 முதல் 3000 வரை இருந்தால் இதமான மஞ்சள் ஒளி, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கு முதல் வகைதான் ஏற்றது. சுவர் விளக்குகள் வந்ததும் பக்க மேசைகள் தேவையில்லாமல் போயின. மூக்குக்கண்ணாடி, புத்தகம், தண்ணீர்ச் செம்பு வைக்க ஒரு சாண் அகலத்தில் சுவர்ப் பலகை போதும். தலைக்கு நேர் மேலே மட்டும் கனமான பலகை எதையும் அடிக்காதீர்கள்.

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதுக் கட்டிலுக்கு அடியில் பெட்டிபோல இடம் இருந்தது. ஒரு அங்குலம் விடாமல் போர்வைகளையும் பழைய துணிகளையும் திணித்து அடைத்தேன். மழைக்காலம் முடிந்தபோது அறைக்குள் நுழைந்ததும் ஒரு புழுங்கிய வாடை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். தூங்கும்போது உடலிலிருந்து வரும் ஈரம் மெத்தையில் இறங்கும், அது காய அடியில் காற்று வேண்டும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். இப்போது மெத்தைக்குக் கீழே முழுப்பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள், பெட்டியில் பாதிதான் பொருள். எழுந்ததும் படுக்கையை உடனே மூடிவைக்காமல் கொஞ்சநேரம் ஆறவிடுகிறேன். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைப்பதானால் பின்னால் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் அங்கேயும் இதே பூஞ்சைதான்.

அலங்காரத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துச் சிறிய படங்களைவிட மனத்துக்குப் பிடித்த ஒரு பெரிய படம் அறையை அமைதியாக்கும். தரை எவ்வளவு கண்ணுக்குத் தெரிகிறதோ அவ்வளவு விசாலம் தெரியும் என்பதால், நாற்காலியோ முக்காலியோ மெல்லிய கால்கள் உள்ளதாக வாங்குங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு தகவல்கள் இல்லை. அறைக்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? ஜன்னல் எந்தச் சுவரில் இருக்கிறது? ஒரு தாளில் கையால் வரைந்து, அளவு குறித்துப் போடுங்கள். கட்டிலின் தலைமாடு எங்கே வரலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.